காளையின் பின்னங்கால்கள்

துணிக்காளைக்குள் இரண்டு ஆட்டக்காரர்கள். முன்னங்கால்கள் மாசானம்; பின்னங்கால்கள், குழுவில் சேர்ந்து மூன்றே நாளான பேச்சிமுத்து. அடவு மறந்தால் கேட்கக் கூச்சப்பட்டு அவன் அப்படியே நின்றுவிடுவான். மாசானம் முன்னே போக, காளை இடுப்பில் கிழியும். “கேக்க வாய் வரலன்னா என் கால்ல ஒரு உதை விடுலே, சொல்லுதேன்” என்றார் மாசானம்.

அன்றைய கோயில் கொடை விழாவில் பதினேழு உதை. தன்னைத்தானே உதைத்துக்கொள்ளும் காளையைக் கண்டு கூட்டம் விசிலடித்தது. உற்சாகத்தில் மேளக்காரர் புதிதாக ஒரு தாளத்துக்குத் தாவினார். பேச்சிமுத்து உதைத்தான். மறுபடியும் உதைத்தான். முன்னங்கால்கள் அசையவே இல்லை.

“அண்ணாச்சி, உங்களுக்கும் தெரியலியா?” என்று மெல்லக் கேட்டான்.

சற்று நேரம் காளை யோசிப்பதுபோல நின்றது. பிறகு முன்னங்கால் ஒன்று பின்னால் நீண்டு, அவனை லேசாக உதைத்தது.