வீடியோ காலுக்கே முதலிடம்

பந்தல்குடியில் இருக்கும் சுகப்பிரியாவை, சென்னை மாப்பிள்ளை ஆனந்தகுமார் வீடியோ காலில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு.

"வைஃபையில வீடியோ காலுக்குத்தான் முதலிடம்னு செட் பண்ணிட்டியா தாயி?" என்றார் அப்பா.

நெட்வொர்க் இன்ஜினியரான சுகப்பிரியா தலையாட்டினாள்.

பேச ஆரம்பித்ததும் மாப்பிள்ளையின் முகம் அப்படியே நின்றுவிட்டது. குரலும் விட்டு விட்டு வந்தது. "இது சரிப்பட்டு வராது" என்று அப்பா எழுந்து போனார்.

சுகப்பிரியாவுக்கு மனசு உறுத்தியது. மாப்பிள்ளையின் நம்பருக்குச் செய்தி அனுப்பினாள்.

"மன்னிச்சிருங்க. இப்பக் கல்யாணம் வேண்டாம்னு, வைஃபையில வீடியோ காலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது நான்தான்."

உடனே பதில் வந்தது.

"நீங்களுமா? நானும் இங்க அதையேதான் செஞ்சேன்."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வைஃபை செட்டிங்கை மாற்றிவிட்டு, தானே அவனை வீடியோ காலில் கூப்பிட்டாள்.

அவனும் மாற்றியிருந்தான் போல. சிரித்த முகம் பளிச்சென்று தெரிந்தது.