பத்தாவது விண்ணப்பம்

"இந்தப் படிப்புப் படிச்சவங்களுக்குக் கோவம் வருமுங்களா சார்?"

அட்மிஷனுக்கு வந்த எந்தத் தகப்பனும் இதுவரை கேட்காத கேள்வி. தத்துவத் துறையின் ஒரே விரிவுரையாளரான தமீம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

எதிரே பசீர் அகமது. தாராபுரம் ரோட்டில் பனியன் வேஸ்ட் துணி வியாபாரம். "தமீம் சாருங்களா? எம்பொண்ணு விசயமா விசாரிக்க வந்தேனுங்க" என்றுதான் ஆரம்பித்தார். மேலே பேச விடாமல் தமீம் நாற்காலியை இழுத்துப் போட்டு, விண்ணப்பப் படிவத்தையும் எடுத்து வைத்துவிட்டான்.

அவன் அவசரம் அவனுக்கு. ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் பத்தாவது ஆள் வராவிட்டால் துறைக்கு மூடுவிழா, அவன் வேலைக்கும்தான். அறை, பக்கத்து ஃபேஷன் டிசைன் துறைக்குப் போய்விடும். காலையிலேயே இஞ்ச் டேப்போடு வந்து, திரைச்சீலைக்கு ஜன்னலை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"கோவமா? வராதுங்க பாய். யாராவது திட்டினாக்கூட, இவரு எதுக்குத் திட்டறாருன்னு யோசிச்சுட்டு நிப்பாங்க. யோசிச்சு முடிக்கறதுக்குள்ள திட்டினவரு ஊட்டுக்குப் போயிருப்பாரு."

"அது நல்லதுங்க. எங்க ஊட்ல எல்லாருக்குமே வாய் கொஞ்சம் நீளம்."

"பொண்ணு பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"பேரு அப்பறங்க. வேலை கிடைக்குமுங்களா?"

"கம்பெனிக்காரங்க க்யூவுல நிக்கறாங்க பாய். போன வருசம் நம்ம பையன் சாஹில், முதலிபாளையத்துல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா சேர்ந்தான். ஃபாரின் பையர் போன் பண்ணி, ஷிப்மென்ட் ஏன் லேட்டுன்னு கத்தினாரு. நம்மாளு பொறுமையா, 'லேட்டுன்னா என்ன? காலம்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா?'ன்னு கேட்டான்."

"அப்பறம்?"

"அப்பறம் அந்தப் பையர் பேசவே இல்லீங்க."

பசீர் அகமது புருவத்தை உயர்த்தி மெச்சினார். "சம்பளம்?"

"அம்பதாயிரத்துக்குக் குறையாதுங்க."

ஒன்பது பேரிடம் சொல்லிச் சொல்லி, அந்தப் பொய் வழவழவென்று ஆகியிருந்தது.

"பெத்தவங்களை வெச்சுப் பாத்துக்குவாங்களா? இல்ல, எல்லாம் மாயைன்னுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்களா?"

"மாயை ரெண்டாம் வருசந்தான் வருதுங்க. அதுலயும் பாஸ் மார்க் எடுத்தாப் போதும்."

பெரியவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நாலு பேரு நாலு விதமாச் சொல்றாங்க சார். நான் உங்க வார்த்தைய நம்பியே முடிவெடுத்துக்கறேன். எம்பொண்ணு வாழ்க்கை இப்ப உங்க கையிலதான் இருக்குது."

தமீமின் பேனா நின்றது. முந்தைய ஒன்பது பேரும் பி.காம். சீட் கிடைக்காமல் வந்தவர்கள். அவர்கள் அவனை நம்பவும் இல்லை. அதனால் பொய் உறுத்தவும் இல்லை. இந்த மனிதர் நம்புகிறார்.

மணி நாலே முக்கால். தமீம் படிவத்தை இரண்டாகக் கிழித்தான்.

"வேண்டாமுங்க பாய். நான் சொன்னது பூராப் பொய். அந்தப் பையர் பேசாமயே ஆர்டரை கேன்சல் பண்ணிட்டாரு. சாஹிலை மூணாம் நாளே அனுப்பிட்டாங்க, இப்ப செக்கிங்ல நூல் பிசிறு வெட்டறான். எனக்கே மாசம் பதினெட்டாயிரம். மே மாசம் அதுவும் கிடையாது. இருபத்தொம்பது வயசுல, வண்டிக்குப் பெட்ரோல் போட பெத்த அத்தாகிட்டக் கை நீட்டறேன். இன்னைக்கு அஞ்சு மணிக்கு மேல இந்த வேலையும் இருக்காது. தெரிஞ்சே உங்க பொண்ணை இதுல தள்ளிடாதீங்க."

"இது நெசமுங்களா?"

"இன்னைக்குப் பேசினதுல இது ஒண்ணுதான் நெசமுங்க."

வேலை போய்விட்டது. ஆனாலும் தமீமுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. படிப்பித்த நாலு வருடத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையையாவது காப்பாற்றியாகிவிட்டது.

பசீர் அகமது எழுந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வேற யாரா இருந்தாலும் மறைச்சிருப்பாங்க. நீ நல்லா இருப்பே, கண்ணு."

வாசல் வரைக்கும் போனவர் தயங்கித் திரும்பினார்.

"ஞாயித்துக்கெழமை உங்கம்மா எங்க ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வர்றதா இருந்தாங்க. வர வேண்டாம்னு நீயே சொல்லிப்போடு."