நடுக்கண்மாயில் தலைவர்

என் கால் இரண்டும் போய்விட்டன.

போய்விட்டன என்றால், தொடைவரை சேற்றுக்குள். இடுப்பைச் சுற்றித் தண்ணீர். நெஞ்சில் ஒரு பேட்ஜ்: ‘ஏரிக்கரை காலநிலை இளம் தலைவர்’.

எங்கள் ஊரில் ஏரி கிடையாது. இருப்பது கண்மாய். பேட்ஜ் சென்னையில் அடித்தது.

தலைக்கு மேலே ட்ரோன் வண்டு மாதிரி இரைந்தது. கரையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் கார்த்திகேய சிவம் சார் மைக்கில் என்னைப் பார்த்துக் கத்தினார்.

“செம்மலை, சூப்பர்! அப்படியே அசையாம நில்லுங்க!”

அதை மட்டும் அன்றைக்கு நான் குறையில்லாமல் செய்தேன்.

திட்டம் இதுதான். தலைவர் குன்றக்குடி மலைக்கு முதுகைக் காட்டி, முழங்கால் தண்ணீரில் போய் நிற்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகோத்து வந்து அவரைச் சுற்றி வட்டம் போடுவார்கள். மேலேயிருந்து பார்த்தால் பூமி உருண்டை மாதிரித் தெரியும். பூமியைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எதுவும் எங்கள் பயிற்சி முகாமில் சொல்லித் தரப்படவில்லை.

முழங்கால் தண்ணீர்தான். கடைசி எட்டு வைக்கும்வரை.

யாரோ மண் அள்ளிய பள்ளம். கோடையில் கண்மாய் வறண்டு கிடந்தபோது திருட்டுத்தனமாக லாரியில் ஏறிப்போன மண். பிறகு மழை வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. காலையில் இதைப் பற்றித்தான் பேசினேன். “மண்ணைத் திருடுனது யாருன்னு தெரிஞ்ச அன்னைக்கே கலெக்டர் முன்னால போய் நிப்போம்” என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் டீ குடித்தார்கள்.

அப்பா தட்டினார். எல்லாரையும்விடச் சத்தமாக.

கோடை முழுக்கத் தேவகோட்டைப் பக்கம் வீட்டு அஸ்திவாரம் தோண்டியதாக அவர் சொன்ன தன் ஜேசிபியை, எங்கள் விழாவில் பனைவிதைக்குக் குழி போட இலவசமாகக் கொண்டுவந்திருந்தார். பனைவிதைக்கு ஒரு கடப்பாரை போதும். ஆனால் கடப்பாரைக்கு மாலை போட்டால் போட்டோவில் எடுபடாது.

கிளம்பும்போதே அப்பா சொன்னார்: “கரையில நின்னு பேசிட்டு வந்துரு. தண்ணிக்குள்ள எறங்காத, சளி பிடிக்கும்.”

வலது காலை இழுத்தேன். இடது கால் இன்னும் இறங்கியது. இடதை இழுத்தேன். பேட்ஜ் நனைந்தது.

ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தேன். மேலே ட்ரோன்.

பிள்ளைகள் இறங்கத் தொடங்கினார்கள். முன்னால் என் வகுப்புத் தோழி, துணைத் தலைவர் சித்ரா. அவள் கையைப் பிடித்து ஒரு எட்டாம் வகுப்பு. அதன் கையைப் பிடித்து ஒரு ஏழாம் வகுப்பு. கடைசியில் ஒரு ஆறாம் வகுப்பு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

எனக்கு நெஞ்சுவரை என்றால் அதற்கு எதுவரை?

சிரிப்பு நின்றது.

“வராதீக! பள்ளம்! சித்ரா, பிள்ளைகளைக் கரையேத்து!”

“நடிக்காதடா லீடரு, படம் ஓடிக்கிட்டிருக்கு!”

“சத்தியமா! காலு மாட்டிக்கிருச்சு!”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி, சங்கிலி மொத்தத்தையும் கரைக்கு விரட்டினாள்.

பூமி உருண்டை கரையேறிவிட்டது. நான் மட்டும் நடுவில்.

“கயிறு இருக்கா, கயிறு?” என்று சார் மைக்கிலேயே கேட்டார். இருந்தது. அதில் பேனர் கட்டியிருந்தார்கள். அவிழ்க்கலாமா கூடாதா என்று இரண்டு பேர் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் தோளைத் தொட்டபோது ஜேசிபி கிளம்பும் சத்தம் கேட்டது. மாலை ஆட ஆட, அப்பா அதைக் கரைச் சரிவில் இறக்கினார்.

“யோவ் பெருமாளு, பள்ளம் கெடக்காம்ல! வண்டி கவுந்துரும்யா!” என்று கரையிலிருந்து ஒருவர் அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

கலங்கல் தண்ணீர். கையை விட்டால் விரல் தெரியாது. எது தரை, எது பள்ளம் என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அப்பா நேராக வரவில்லை.

முதலில் அங்குட்டு, தண்ணீருக்குள் நின்ற கருவேல மரம் வரைக்கும் போனார். அங்கிருந்து இங்குட்டு வளைத்தார். ஓரிடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் எடுத்து, வரப்பு மேல் ஓட்டுகிறவர் மாதிரி ஒடுங்கி வந்தார். எங்கேயும் சக்கரம் முங்கவில்லை. எங்கேயும் ஆழம் பார்க்கவில்லை. யாரிடமும் வழி கேட்கவில்லை.

பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பெரியவர்கள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த வளைவுகளைப் பார்த்தார்கள். சித்ராவும் பார்த்தாள். மேலே ட்ரோனும்.

பக்கெட் என் முகத்துக்கு நேரே இறங்கியது. அப்பா கரைப் பக்கம் திரும்பவே இல்லை.

“பிடிச்சுக்கடா.”

எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பிடித்துக்கொண்டேன். சேறு காலை விட்டது. பக்கெட்டுக்குள் சரிந்து உட்கார்ந்தேன்.

மைக்கில் சார் தழுதழுத்தார். “இந்தத் தகப்பனுக்கு, அடுத்த கூட்டத்துல கலெக்டர் கையாலயே சால்வை போடுறோம்!”

லிவரைப் பிடித்திருந்த அப்பாவின் கை ஒரு கணம் நின்றது.

பிறகு, வந்த வளைவு தப்பாமல், என்னைக் கரைக்குக் கொண்டுபோனார்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.