சிம் பார்த்தேன்

இலைகளுக்கு நடுவே கொத்தாய்ச் சிவந்த பழங்களைக் கண்டதும் பில்சு அப்படியே நின்றான்.

பின்னால் அண்ணன் கில்தேயின் கைத்தடி விழுந்தது. அடுத்து தொப்பென்று ஒரு சத்தம்.

பில்சு மூச்சை இழுத்து மலை அதிரக் கத்தினான். "சிம் பார்த்தேன்! சிம் பார்த்தேன்! சிம் பார்த்தேன்!"

ஜின்செங் என்ற மருந்து வேரை மலையேறியபின் யாரும் அந்தப் பேரால் சொல்வதில்லை, சிம்தான். கண்டவன் மூன்று முறை கத்தினால், கூட வந்தவர்கள் நின்ற இடத்திலேயே குப்புற விழ வேண்டும். அவன் கூப்பிடும்வரை தலை தூக்கக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. மீறினால் மலைசாமி வேரை ஒளித்துவிடும்.

திரும்பிப் பார்த்தான். அண்ணன் மண்ணில் முகம் பதியக் கிடந்தார்.

"அடேயப்பா! ஆயுசுலேயே இன்னிக்குத்தான் உங்க வாய் மூடியிருக்கு. அப்படியே கெடங்கண்ணே, உங்களுக்குத்தான் தோண்டுறேன்."

கில்தேயின் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் கைவிரித்து ஒரு மாதம் ஆகிறது. பழைய சிம் கிடைத்தால் போதும், போகிற உயிரையும் இழுத்துப் பிடிக்கும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் இருவரும். வீட்டில் இருங்கள் என்றால் கேட்டாரா மனுஷர்? தன் வேரைத் தானே பார்க்கணும் என்று அடம்பிடித்து ஏறி வந்துவிட்டார்.

ஒரு முடிவேர் அறுந்தாலும் சத்து வடிந்துபோகும். பில்சு அவசரப்படவில்லை. மரக்குச்சியாலும் விரல்நுனியாலும் மண்ணைத் துளித்துளியாய் விலக்கினான். வெயில் மேற்கே சாய்ந்தது.

வேரின் கழுத்தில் வருஷத்துக்கு ஒரு தழும்பு விழும். எண்ணிப் பார்த்தான். அறுபத்தொன்று! அண்ணனைவிட மூத்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு முடிகூட அறாத வேரை ஈரப் பாசியில் பொதிந்துகொண்டு எழுந்தான்.

"முடிஞ்சுதுண்ணே, எந்திரிங்க."

அண்ணன் அசையவில்லை. இந்த நேரத்திலும் விளையாட்டுத்தான் என்று சிரித்தபடியே போய்த் தோளைப் புரட்டினான்.

அண்ணன் கை சில்லிட்டிருந்தது.

ஐயோ என்று வேரைக் கடித்து, மென்று, அண்ணன் வாயில் திணித்தான். சாறு கடைவாய் வழியே வழிந்து மண்ணில் சொட்டியது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான்.

கேட்டதெல்லாம், பழங்களைக் கண்டபோது பின்னால் கேட்ட அந்தச் சத்தம்தான். முதலில் தடி. அடுத்து தொப்பென்று.

அதற்கப்புறம்தான் அவன் கத்தியிருந்தான்.