கருகல் வாடை

“ஏதாவது கருகற வாடை வருதுன்னு சொல்வாங்களா?”

டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவன் மனைவி. அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

“ஆமா,” என்று அவள்தான் சொன்னாள்.

திரையில் அவள் மூளை. அதிலிருந்த சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளை அவனுக்கு நன்றாகத் தெரியும். பல வருடங்களாக அவளைப் பிடித்திருக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு வியாதி வைத்த புள்ளிகள். கால் மரத்தாலும் டம்ளர் நழுவினாலும் பழியை அதன் தலையில் போட்டுவிட்டுக் காலம் தள்ளியவர்கள்தான் இருவரும்.

காதுக்கு மேலே, அந்தப் பெரிய வெள்ளை மட்டும் புதிது.

“இது அந்த வியாதி இல்ல. கட்டி. ரெண்டும் ஒருத்தருக்கே வர்றது ரொம்ப அபூர்வம். இது இருக்கிற இடம் அப்படி. இல்லாத வாடையெல்லாம் வரும்.”

அபூர்வமாம். ஒரு லாட்டரியிலும் விழாத பேர் இதில் விழுந்திருக்கிறது.

அவள் கால்கள் ஓய்ந்த பிறகு அடுப்படி அவன் கைக்கு வந்தது. பொங்கல் கழிந்ததிலிருந்து தினமும் கட்டிலிலிருந்து ஒரு குரல். “என்னங்க, என்னமோ கருகுது.”

ஓடிப்போய்ப் பார்ப்பான். ஒன்றும் கருகியிருக்காது.

தன் சமையலை நக்கலடிக்கிறாள் என்றே நினைத்தான். போன வாரம் கரண்டியை விட்டெறிந்து, “உன் மூக்குல கொள்ளிய வைக்க” என்று கத்தியும்விட்டான்.

அவள் அன்று சிரித்தாள்.

வீடு வந்து சேர்ந்தார்கள். அவளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் பருப்பை அடுப்பில் ஏற்றினான். அங்கேயே நின்றான். பாத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் எதுவும் படவில்லை.

புகை கண்ணைக் கரித்தபோதுதான் சுயநினைவு வந்தது. பருப்பு தீய்ந்து அடியோடு ஒட்டியிருந்தது. வீடு முழுக்க நாற்றம்.

உள்ளேயிருந்து குரல் வரவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுப் பதறி ஓடினான்.

அவள் சேலைத் தலைப்பால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அவனைக் கண்டதும் தலைப்பைச் சட்டென்று கீழே விட்டாள்.

“இன்னிக்கு ஒரு வாடையும் வரலைங்க,” என்றாள்.