மீட்டரின் மறுபாதி

கப்பலில் வந்திறங்கிய கார். கம்பெனியிலேயே போட்ட கறுப்புக் கண்ணாடி. நூற்றுக்கு முப்பது பங்கு வெளிச்சமாவது உள்ளே போனால் சட்டப்படி சரி. குறைந்தால் வண்டி திரும்பக் கப்பலேற வேண்டியதுதான்.

ஆய்வாளர் வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு இரண்டு பாதி. ஒன்றை வெளியே அவர் வைப்பார். மற்றதைக் காருக்குள் இருப்பவர் நேர் எதிரே பிடிக்க வேண்டும்.

பின் கண்ணாடி நாலு விரல் இறங்கியது. மறுபாதியை உள்ளே கொடுத்தார். கண்ணாடி ஏறிக்கொண்டது.

"நேரா புடிங்க சார்."

இம்மி பிசகவில்லை. முப்பத்தொன்று.

"அந்தப் பக்கம்."

அங்கேயும் முப்பத்தொன்று. இருபது வருஷ சர்வீஸில் இப்படிச் சொன்ன பேச்சு கேட்கிற ஓனரை அவர் பார்த்ததில்லை. 'செல்லும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அப்போதுதான் ஒருவர் சாவியும் கையுமாக ஓடி வந்தார். "மன்னிச்சுக்கங்க சார், ஃபாரம் வாங்குற வரிசை நகரவே மாட்டேங்குது. வண்டியப் பூட்டிட்டுப் போயிட்டேன். திறக்கட்டுமா?"

"உள்ள யாரு?"

"யாருமில்லையே. தனியாத்தான் வந்தேன்."

பின் கண்ணாடி நாலு விரல் இறங்கியது. மீட்டரின் மறுபாதி, அவர் வாங்குவதற்கு வாகாக, வெளியே நீண்டது.