பதினோராவது வால்வு

"அந்தத் துணிய எவன்டா எடுத்தது?"

நெவில் போட்ட கத்தலில் கொட்டகைக் கூரைமேல் உட்கார்ந்திருந்த கிளிகள் மொத்தமாகப் பறந்தன.

"நான்தான்," என்றான் கிளைவ். டார்ச்சை எஞ்சின் பக்கம் திருப்பினான். "ஒரே அழுக்கா இருந்துச்சு. அதான் குப்பைத் தொட்டில போட்டுட்டேன்."

"அழுக்கா இருந்துச்சாம்! அது என்ன மூஞ்சி தொடைக்கிற துண்டா? ஆயில் இறங்கற ஓட்டைய அடைக்க நான் வெச்ச துணிடா! இப்ப லாக் தெறிச்சு நேரா அந்த ஓட்டைக்குள்ள விழுந்துருச்சு. எஞ்சினுக்கு அடில, ஆயிலுக்குள்ள போய் உக்காந்திருக்கும். சந்தோஷமா?"

லாக் என்றால் வால்வையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்புத் துண்டு. பாதிக் கொண்டைக்கடலை அளவுதான். ஆனால் அது இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப முடியாது. ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் இருக்கும் இந்தச் செடூனாவில் எந்தக் கடையிலும் கிடைக்காது. நானூறு கிலோமீட்டர் போய் போர்ட் லிங்கனில் வாங்கலாம் என்றால், இன்று சனிக்கிழமை, மதியத்தோடு அங்கேயும் கடையைச் சாத்திவிடுவார்கள்.

கிளைவின் பழைய ஸ்டேஷன் வேகன் நெவிலின் கொட்டகைக்கு வந்தது நேற்றுக் காலையில். ஸ்டார்ட் செய்தாலே நீலப் புகை. ஆயில் கசியாமல் தடுக்கிற வால்வ் சீல்கள் தேய்ந்துபோய், எஞ்சின் ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. இந்த வண்டியில்தான் அவன் நல்லர்பார் பொட்டல்வெளியைத் தாண்டி பெர்த்துக்குப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியார் வேலையில் சேர வேண்டும்.

இன்று பன்னிரண்டு மணிக்குள் கிளம்பினால்தான் பொழுது சாய்வதற்குள், பெட்ரோலும் படுக்க இடமும் கிடைக்கிற யூக்லா ரோட்ஹவுஸைப் பிடிக்கலாம். பொழுது சாய்ந்துவிட்டால் ரோடெல்லாம் கங்காரு. நடுவழியில் எஞ்சின் படுத்துவிட்டால் நாற்பத்தைந்து டிகிரி வெயில், போனில் சிக்னலும் கிடையாது. அப்படி நின்ற சிலர் உயிரோடு திரும்பவில்லை என்பது செடூனாவில் எல்லோருக்கும் தெரியும். மேற்கே போகிற வண்டியைப் புகையோடு அனுப்ப அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது.

மனசு வேறு, வாய் வேறு. நெவிலின் வாய் நேற்றிலிருந்து ஓயவில்லை. ஸ்பானரைப் புல்லாங்குழல் மாதிரி பிடிக்கிற ஆளை உதவிக்கு வைத்துக்கொண்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? வால்வ் உள்ளே விழாமல் இருக்க, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக சிலிண்டருக்குள் கயிற்றைத் திணிக்கச் சொன்னான் நெவில். கிளைவ், வெளியே தொங்க வேண்டிய முனையையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டான். அதை வளைந்த கம்பியால் மீன் பிடிப்பதுபோல் பிடித்து இழுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. நெவிலுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

மொத்தம் பன்னிரண்டு வால்வ். பத்து முடிந்து, பதினொன்றில்தான் இந்தக் கூத்து.

பக்கத்து வீட்டு மெர்வ் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "நெவில், உனக்கு மூளை கீளை கழண்டுபோச்சா? நானா இருந்தா இந்த வண்டிய சுத்தியலாலயே அடிச்சு நொறுக்கியிருப்பேன்."

"உன் ஜோலியப் பாத்துக்கிட்டுப் போய்யா!"

நெவிலின் மனைவி லினெட் தேநீரோடு வந்தாள். கோப்பையைக் கருவிப்பெட்டிமேல் வைத்தாள்.

"மணி பத்தரை ஆச்சு. ரொம்ப சிரமப்படாத நெவில். விமானத்துல போய்க்கலாம். வண்டிய அப்புறமா அனுப்பிக்கலாம்."

"ரெண்டு நாளா மாடு மாதிரி உழைச்சிருக்கேன். இப்ப வந்து யோசனை சொல்றியா? உள்ள போ நீ!"

அவள் போய்விட்டாள். கிளைவ் என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"வாயத் திறந்த, இந்த ஸ்பானர் வாய்க்குள்ள போயிரும்."

வண்டிக்கு அடியில் படுத்து ஆயிலை முழுக்க வடித்தான் நெவில். லாக் வரவில்லை. ஒரு கம்பியின் நுனியில் காந்தத்தைக் கட்டி, ஆயில் வடிந்த ஓட்டைக்குள் விட்டுத் துழாவினான். ஆயில் அவன் கழுத்து வழியாக வழிந்தது. முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. "மானங்கெட்ட பொழப்பு!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டான். மூன்றாவது தடவை 'டிக்' என்றது.

அதன்பின் டார்ச்சைக்கூட கிளைவிடம் கொடுக்கவில்லை. பல்லில் கடித்துக்கொண்டு தானே மாட்டி முடித்தான். புது ஆயில் ஊற்றி சாவியைத் திருப்பியபோது மணி பதினொன்றே முக்கால்.

எஞ்சின் பூனைபோல் உறுமியது. புகைக்குழாயில் ஒரு இழைகூட இல்லை.

"புகையே இல்ல!" என்று கிளைவ் குதித்தான்.

"பல்ல இளிக்காத. யூக்லாவுல நிறுத்தி ஆயில் பாரு. தண்ணி கேன் நாலு பின்னாடி வெச்சிருக்கேன். நூறுக்கு மேல ஓட்டாத. வண்டி நின்னா, வண்டிய விட்டு எறங்கி நடக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

கிளைவ் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது. "நீங்க எனக்குப் போய் இவ்வளவு செய்யணும்னு அவசியமே இல்ல."

"உனக்குச் செஞ்சேன்னு எவன்டா சொன்னான்?"

லினெட் இரண்டு பெரிய பெட்டிகளோடு வெளியே வந்தாள். அவற்றைப் பின்னால் ஏற்றினாள். யார் முகத்தையும் பார்க்காமல் முன்சீட்டில், கிளைவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

நெவில் அவள் பக்கத்துக் கதவைச் சாத்தி, சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.

"வழியில வண்டி நின்னா, உன்கூட சேந்து வெயில்ல வேகப்போறது முப்பத்தொரு வருஷம் எனக்குப் பொண்டாட்டியா இருந்தவடா!"